தட்டு மறைகிற ஆழம்

கிணற்றை எட்டிப் பார்க்காமல் மோட்டார் விற்கிறவனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் நம் மோட்டார்த் தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். செல்போனில் விரலை வைத்து, மம்சாபுரத்தில் கிடக்கிற மோட்டாரை ராஜபாளையத்தில் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி ஓடவைத்துக் காட்டினான். "கிணத்துல தண்ணி எம்புட்டுக் கெடக்கு?" என்று கேட்டேன். "மோட்டார் ஓடுது அண்ணாச்சி. ஓடுனா தண்ணி இருக்குன்னுதான அர்த்தம்" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு, அவனுக்குக் கொடுத்த காப்பியைத் திரும்ப வாங்கியிருப்பேன். வாங்கவில்லை. அவனைவிடப் பெரிய முட்டாள்தனத்தை அவன் வயதில் நான் செய்திருக்கிறேன். அதை உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மெஷின் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்கிற பாட்டை நான் பாட மாட்டேன். மாடு பூட்டிக் கமலை இறைத்தவன் உள்ளங்கையைப் பார்த்திருக்கிறேன். மாட்டின் கழுத்தையும் பார்த்திருக்கிறேன். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்கிறவன் கமலை இறைத்தவனாக இருக்க மாட்டான். பக்கத்தில் மர நிழலில் படுத்துக் கிடந்தவனாக இருப்பான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு மெஷின் உண்டு. பஞ்சு இழை அறுந்தால் தானாக நின்றுவிடும், மேலே சிவப்பு விளக்கு எரியும். நான் அதைப் பார்த்து வாயைப் பிளப்பேன். எங்கள் போர்மேன் ஒரு நாள் பின்னால் வந்து நின்றார். "என்னலே, சாமி கும்பிடுற மாதிரி நிக்க?" என்றார். "அறுந்தா தானா நிக்குது சார்" என்றேன். "நிக்கும். ஏன் அறுந்துச்சுன்னு அதுகிட்டக் கேட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் எப்போதும் அப்படித்தான், பாதி சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். மீதிப் பாதி எனக்குப் புரிய ஐந்தாறு வருஷம் ஆனது.

அந்த ஐந்தாறு வருஷத்துக்குள் ஆலையை விட்டு வந்து சொந்தமாகக் கடை போட்டிருந்தேன். ஒரு மார்கழி மாதம் பேச்சியம்மாள் என்கிற பெண் கடைக்கு வந்தாள். ஊர் மம்சாபுரம் பக்கம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். புருஷன் ராணுவத்தில், வடக்கே எங்கேயோ எல்லையில். வந்ததும் வராததுமாக, "மெக்கானிக் அண்ணே, எனக்குப் பதிலாக் கிணத்துல உக்கார ஒரு மெஷின் வேணும்" என்றாள்.

விஷயம் இதுதான். அவள் வீட்டுக்கு ஒரு கூட்டுக் கிணற்றில் கால் பங்கு. நாலு பங்காளிகள், நாலு மோட்டார், ஆளுக்கு ஒரு நாள் முறை. நாலு நாளைக்கு ஒரு தடவை அவள் வெண்டைக்கும் கத்தரிக்கும் தண்ணீர். அந்தக் கிணற்றுக்கு இரண்டு சட்டம் உண்டு. கிணற்றின் அடியில் ஆமை முதுகு போல ஒரு பாறை இருக்கிறது. தண்ணீர் இறங்க இறங்க, பாறை கண்ணுக்குத் தெரிந்த உடனே மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். மிச்சம் கிடக்கிற தண்ணீரில் ஊற்று ஊறி, அடுத்த நாள் முறைக்காரனுக்குக் கிணறு நிறையும். இது முதல் சட்டம். இரண்டாவது, பாறையைப் பார்க்க ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆள் இல்லாத முறை அடுத்தவனுக்குப் போய்விடும்.

பேச்சியம்மாளுக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர் வேலை அப்போதுதான் கிடைத்திருந்தது. அதற்கு ஒன்றரை வருஷம் அலைந்திருக்கிறாள். காலை எட்டு மணிக்கு மும்முனைக் கரண்ட் வரும், இரண்டு மணிக்குப் போய்விடும். ஒன்பது மணிக்கு அவள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். முறை நாளில் கிணற்றில் உட்கார்ந்தால் வேலை போகும். வேலைக்குப் போனால் முறை போகும்.

"லீவு கேட்டுப் பாக்க வேண்டியதுதான" என்றேன்.

"கேட்டேன். நாலு நாளைக்கு ஒரு தடவை அரிசி தானா வெந்துருமான்னு எட்மாஸ்டர் கேக்காரு."

எனக்கு உடனே நூற்பாலை மெஷின் ஞாபகம் வந்தது. தானாக நிற்கும். ஆள் வேண்டாம். "செஞ்சு தாரேன்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

ஒரு எண்ணெய் கேனை மிதவையாக்கினேன். கயிறு, கப்பி, எதிர்ப்பாரம், ஒரு சுவிட்ச். தண்ணீர் இறங்கும்போது மிதவையும் இறங்கும். கயிற்றில் போட்ட முடிச்சு சுவிட்சைத் தட்டும், மோட்டார் நிற்கும். முடிச்சை எங்கே போடுவது என்று தெரிந்துகொள்ள, வேறொரு பங்காளியின் முறை நாளில் போய் உட்கார்ந்தேன். அவர் "பாறை தெரியுது" என்று மோட்டாரை நிறுத்தியதும் மூங்கிலை விட்டு அளந்தேன். பாறைக்கு மேல் ஒரு முழம் தண்ணீர். அந்த அளவுக்கு முடிச்சுப் போட்டேன். அளந்தாயிற்று, முடிந்தது வேலை. அளவு என்று ஒன்று கிடைத்துவிட்டால் நம்மைப் போன்றவர்களுக்கு அதற்கு மேல் மூளை வேலை செய்யாது.

பங்காளிகள் கிணற்று மேட்டில் கூடினார்கள். மூத்தவர் சங்கரலிங்கம், பேச்சியம்மாளின் மாமனாருக்குத் தம்பி. அவளுக்கு அடுத்த நாள் முறை அவருடையது. அவள் முறை பறிபோனால் அது அவருக்குத்தான் வரும். அதனால் அவர் எதிர்ப்பார் என்று தெரிந்தேதான் போனேன்.

"ஆள் இருக்கணும்னுதான் சட்டம். மெஷின் ஆளாகுமாலே?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் பேச்சியம்மாள், "மாமா, எங்க அத்தை வந்து உக்காந்தா முறை உண்டா?" என்றாள்.

"உண்டு. மதினி ஆள்தான."

"அத்தைக்குத்தான் கண்ணு தெரியாதே."

கூட்டத்தில் சிரிப்பு. சங்கரலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார். "உக்காந்திருந்தா மட்டும் ஆளாயிர முடியாது தாயி. பாக்கணும். பாக்குறதுதான் ஆள்."

"இந்த மெஷின் பாக்கும்" என்றேன் நான்.

"ம். கண்ணு எங்க இருக்கு இதுக்கு?" என்று எண்ணெய் கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். மூன்று முறை ஓடிப் பார்க்கட்டும். சரியாக நின்றால் மெஷினை ஆளாக வைத்துக்கொள்ளலாம். பின்னால் எப்போதாவது தப்பு நடந்தால் அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஆள் உட்கார வேண்டும். பேச்சியம்மாள் சரி என்று தலையாட்டினாள்.

முதல் முறையிலேயே கூத்து. மோட்டார் பாதியில் நின்றுவிட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், கிணற்று ஆமை ஒன்று மிதவை மேல் ஏறி உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் பாரத்தில் மிதவை அமுங்கி, முடிச்சு சுவிட்சைத் தட்டிவிட்டது. சங்கரலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏலே மெக்கானிக்கு, அஞ்சாவது பங்காளி வந்திருக்காருலே. அவருக்கும் ஒரு முறை குடுத்துரு" என்றார். முறை கெடவில்லை, தண்ணீர் மிச்சம்தான் என்று அதை அவர் மெஷினின் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் தகரத்தைக் கூம்பாக வளைத்து மிதவையின் தலையில் வைத்தேன். ஆமை ஏறிப் பார்த்தது, வழுக்கி விழுந்தது, கோபித்துக்கொண்டு போய்விட்டது.

அதற்குப் பிறகு மூன்று முறையும் சரியாக நின்றது. பேச்சியம்மாள் காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். நான் ஊருக்குள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தேன். ஆளில்லாக் கிணறு என்று என் கடையில் பேச்சாக இருந்தது. தை போனது, மாசி போனது.

பங்குனியில் ஒரு நாள் காலை சங்கரலிங்கம் மற்ற இரண்டு பங்காளிகளோடு என் கடை வாசலில் வந்து நின்றார். சிரிப்பு இல்லை.

"மெஷின் தண்ணியத் திருடுது" என்றார்.

பேச்சியம்மாள் முறைக்கு மறுநாள் அவருக்குக் கிணறு நிறையவில்லை. ஒரு மணி நேரத்தில் பாறை தெரிந்துவிட்டது. இரண்டு முறையாக இப்படி. கடலைச் செடி வாடிக்கிடக்கிறது. எனக்குச் சுள்ளென்று ஏறியது. "மெஷின் திருடாது, மனுசன்தான் திருடுவான்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அதுவும் மூன்று பேர் மூஞ்சிக்கு நேராக.

மூங்கிலை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். அன்றைக்குப் பேச்சியம்மாள் முறை, மோட்டார் போட அவளும் வந்திருந்தாள். மிதவையை இறக்கி அளந்தேன். பாறைக்கு மேல் சரியாக ஒரு முழத்தில் சுவிட்ச் தட்டுகிறது. மயிரிழை மாறவில்லை. "பாத்துக்கோங்க. மெஷின் மேல தப்பில்ல" என்றேன்.

"அப்ப எம் மேலயா தப்பு? செடி மேலயா?" என்றார் சங்கரலிங்கம். "பேச்சி, சொன்னபடி கழத்திரு தாயி. அடுத்த முறைக்கு ஆள் உக்காரணும்."

"மாமா, ஆள் இல்லேன்னா என் தண்ணி உங்களுக்குத்தான வரும்" என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உன் தண்ணி எனக்கு வேண்டாம் தாயி. எனக்கு என் தண்ணி வேணும்."

அந்த ஒரு வார்த்தையில் எனக்குச் சூடு இறங்கியது. இந்த மனிதர் பொய் சொல்கிறவர் இல்லை. மெஷினும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் எங்கேயோ நான்தான் ஒன்றைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அவள் அடுத்த முறைக்கு இடையில் மூன்று நாள் இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாளும் மூன்று பங்காளிகளோடு கிணற்று மேட்டில் உட்கார்ந்தேன். வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில், ஒரு கிணற்றைச் சும்மா உட்கார்ந்து பார்த்தது அப்போதுதான்.

முதல் நாள் சங்கரலிங்கம் முறை. "பாறை தெரியுது" என்று நிறுத்தினார். அளந்தேன். பாறைக்கு மேல் மூன்று முழம் தண்ணீர் நிற்கிறது. மறுநாள் இன்னொருவர். அவரும் மூன்று முழத்தில் நிறுத்தினார். மூன்றாவது ஆளும் அப்படியே.

"மார்கழியில ஒரு முழத்துல நிறுத்துனீங்க. இப்ப ஏன் மூணு முழத்துல நிறுத்துறீங்க?" என்று கேட்டேன்.

"நாங்க எங்க மாத்துனோம்? பாறை தெரிஞ்சா நிறுத்துறோம். எப்பவும் அதேதான்" என்றார்கள். அவர்களுக்கே குழப்பமாகிவிட்டது. பாறை நகரவில்லை. சட்டம் மாறவில்லை. அளவு மட்டும் மாறியிருக்கிறது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் பேச்சியம்மாள் வேலை முடிந்து வந்தாள். மறுநாள் அவள் முறை. நான் கண்டதைச் சொன்னேன். கிணற்றைச் செத்த நேரம் எட்டிப் பார்த்தபடி நின்றாள். பிறகு சர்வசாதாரணமாக, "ஏண்ணே, மார்கழியில தண்ணி காப்பி கலர்ல கெடந்துச்சே" என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு மண்டையில் அடித்தது போல இருந்தது.

மார்கழியில் பக்கத்து ஓடையில் மலைத்தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கிணற்றுக்குள் புதுத்தண்ணீர் கலங்கலாக இறங்கியது. கலங்கல் தண்ணீரில் பாறை தெரிய, தண்ணீர் ஒரு முழம் வரை இறங்க வேண்டும். பங்குனியில் வரத்து இல்லை. தண்ணீர் தெளிந்து கண்ணாடி போலக் கிடக்கிறது. மூன்று முழத்துக்கு அடியில் இருக்கும்போதே பாறை தெரிந்துவிடும். அதாவது மலை கொடுக்கும்போது அவர்கள் கூட எடுத்திருக்கிறார்கள். மலை கொடுக்காதபோது தாங்களாகவே குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏன் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கண் பார்த்தது, கை நிறுத்தியது. நான் மார்கழி அளவை முடிச்சாகப் போட்டுப் பங்குனியிலும் ஓடவிட்டிருக்கிறேன். மெஷின் சொன்னபடிதான் நின்றது. கிணறுதான் மாறிவிட்டது.

"ஏன் அறுந்துச்சுன்னு கேட்டுப் பாரு" என்று போர்மேன் சொன்ன மீதிப் பாதி அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது.

"அப்ப நாளைக்கு நான் உக்காரணும்" என்றாள் பேச்சியம்மாள். "வேலைய விட்டுர வேண்டியதுதான்."

"இரு. காலையில நீ மோட்டார் போட வருவேல்ல, அப்ப பாறை தெரியுமா?"

"நெறஞ்ச கெணத்துல எங்கிட்டு தெரியும்?"

நான் எதைச் சொன்னாலும் அவள் ஓட்டை கண்டுபிடித்தாள். கடைசியில் பையிலிருந்து தன் சாப்பாட்டுத் தட்டை எடுத்தாள். அலுமினியத் தட்டு. "பாறை தெரியாது. தட்டு தெரியும்ல?" என்றாள். "இதக் கயித்துல கட்டி எறக்குனா, எம்புட்டு ஆழத்துல மறையுதோ அம்புட்டு ஆழம்தான இன்னைக்குக் கண்ணு போகும்? பாறைக்கு மேல அம்புட்டுத் தண்ணி நிக்கிறப்ப மோட்டார நிறுத்திரலாம்ல?"

தம்பிகளே, ஆறேழு வருஷமாக மோட்டாரோடு புரண்டவன் நான். சோறு வடிக்கிற பெண் என் முன்னால் நின்று தட்டை வைத்துக் கிணற்றின் கணக்கைத் தீர்த்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. தட்டில் மூன்று ஓட்டை போட்டுக் கயிற்றில் கட்டி இறக்கினோம். மூன்று முழத்தில் மறைந்தது. மூங்கிலால் அளந்த அதே மூன்று முழம். இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். உடனே மிதவைக் கயிற்றில் முடிச்சை எடுத்துவிட்டு, முழத்துக்கு முழம் நகர்த்துகிற மாதிரி ஒரு கட்டை வைத்தேன்.

மறுநாள் சங்கரலிங்கம் வந்து சுவரில் உட்கார்ந்தார். "மெஷின் அது பாட்டுக்கு நிக்கட்டும். நான் என் கண்ணால பாக்கேன். ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் ஒத்துக்கிடுவேன்" என்றார். பேச்சியம்மாள் தட்டை இறக்கினாள், அளந்தாள், கட்டையை நகர்த்தினாள், மோட்டாரைப் போட்டாள். அன்றைக்கு மட்டும் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கியிருந்தாள். அந்த நேரமும் கரைந்துகொண்டிருந்தது. போகாமல் நின்றாள்.

தண்ணீர் இறங்கியது. டக்கென்று சுவிட்ச் தட்டி மோட்டார் நின்றது.

சங்கரலிங்கம் குனிந்து பார்த்தார். "பாறை தெரியலையே" என்றார்.

பேச்சியம்மாள் முகம் செத்துவிட்டது. மோட்டார் நின்ற அதிர்வில் தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது. அலை மெல்ல மெல்லச் சுவரில் போய் அடங்கியது. அவர் இன்னும் குனிந்தார். கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டார்.

"ஏ பாதகத்தி" என்றார் மெதுவாக. "தெரியுது."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். "அப்ப மெஷின் ஆள்தான?" என்று கேட்டேன்.

"மெஷின் ஆள் கிடையாதுலே" என்றார். "அது எண்ணெய் கேனு. காலையில தட்ட எறக்கிப் பாத்தா பாரு, அவ ஆளு. அவ பாத்துட்டா. முறை அவளுக்கு உண்டு. ஏத்தா, நிக்காத, பள்ளிக்கூடத்துக்கு ஓடு."

அவள் ஓடினாள். வரப்பில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்த ஓட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இதற்குப் பிறகு எத்தனையோ மோட்டார் மாட்டினேன், எத்தனையோ வகை சுவிட்ச் வந்தது. எது வந்தாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். இந்த மெஷின் எந்த வேலையை மனிதன் கையிலிருந்து எடுக்கிறது, அந்த வேலையோடு சேர்த்து வேறு எதையாவது தெரியாமல் தூக்கிக்கொண்டு போகிறதா? வெயிலில் ஆறு மணி நேரம் உட்காருகிற கொடுமையை எடுத்துக்கொண்டு போகட்டும், நல்லது. பார்க்கிறதையும் சேர்த்து எடுத்தால்தான் கிணறு சாகும். ஆழ்குழாய்க் கிணறு போடுகிறீர்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்படியானால் உன் தட்டை எங்கே இறக்குவாய்? அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பிறகு செல்போனைத் தொடு. தெரியாவிட்டால் என் வீட்டுக்கு வராதே, காப்பி கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஸ்டார்ட்டர் மாட்ட அந்தக் கிணற்றுக்கு மறுபடி போனேன். நாலு மோட்டாருக்கும் மிதவை தொங்கியது. மோட்டார் அறைக் கதவில் ஆணியடித்து அதே அலுமினியத் தட்டை மாட்டியிருந்தார்கள். அதில் ஆடை போலப் பச்சைப் பாசி படிந்திருந்தது. முறைக்காரர் யாராக இருந்தாலும் காலையில் முதல் வேலை தட்டை இறக்குவதுதான். பேச்சியம்மாள் அப்போது மையத்துக்குப் பொறுப்பாளராகிவிட்டிருந்தாள்.

கிணற்றுச் சுவரில் குடையைப் பிடித்தபடி சங்கரலிங்கம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் முறைகூட இல்லை.

"பெரியவரே, இப்பத்தான் மெஷின் தானா நிக்குதே. ஏன் வெயில்ல கெடக்கீக?" என்றேன்.

"மோட்டார மெஷின் பாத்துக்கிடும்" என்றார். கிணற்றுக்குள் கையை நீட்டிக் காட்டினார். தகரக் கூம்பு துருப்பிடித்துச் சொரசொரப்பாகியிருந்தது. ஆமை ஒன்று அதில் காலைப் பதித்து ஏறப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நாலு நாளா ஏறுதான், விழுதான். இன்னைக்கு ஏறிருவான் போல" என்றார். "செத்த நேரம் உக்காரு."

ஸ்டார்ட்டரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.